அறுபது எழுத்துக்குள்

எனக்குக் கேள்வி கேட்கப் பிடிக்கும், மேடம். பதில் எவ்வளவு நீளம் வரும் என்று முன்கூட்டியே தெரிந்துவிட்டால் இன்னும் பிடிக்கும். இந்த ஸ்டேஷனில் உட்காரவைத்து நீங்கள் கேட்டது மாதிரி, "என்ன நடந்ததுன்னு முதல்ல இருந்து சொல்லுங்க" என்று கேட்பது நல்ல கேள்வி இல்லை. அதற்கு அடியும் கிடையாது, நுனியும் கிடையாது. எதிரில் இருப்பவர் வாய் ஓயாத ஆளாக இருந்தால் விடிய விடியப் பேசிக்கொண்டிருப்பார். உங்கள் நல்ல நேரம், நான் அப்படிப்பட்ட ஆள் இல்லை. அப்படிப்பட்டவர் இறந்துபோனவர்.

இறந்தவர் என் தங்கையின் கணவர். கிடங்கில் எல்லோரும் அவரை ரேடியோ என்பார்கள். காலையில் வாசலில் கால் வைக்கும்போது ஆரம்பித்தால் சாயங்காலம் பூட்டுப் போடும்வரை ஓடும். அந்தப் பெயரில் அவருக்கு ஒரு பெருமைகூட உண்டு. எனக்கும் அவரே ஒரு பெயர் வைத்தார். அறுபது. அது வயது இல்லை, அதற்கு இன்னும் காலம் இருக்கிறது. என் ப்ரோகிராம் அறுபது எழுத்துக்கு மேல் யாரையும் எழுத விடாது என்பதால் அந்தப் பெயர். முதலாளியில் இருந்து மூட்டை தூக்குகிறவர்வரை அதுவே நிலைத்துவிட்டது. என் தங்கை மகளும் என்னை அறுபது மாமா என்றுதான் கூப்பிடுவாள். குழந்தைக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

கிடங்கைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மற்றது புரியாது. வெளியூர்களில் இருந்து தானியம் வந்து இறங்கும். அப்படியே அடுக்கினால் வண்டு விழும். அதனால் மூட்டைகளை நீளமான ஒரு அறைக்குள் அடுக்கி, இரும்புக் கதவை இறக்கி, காற்றுப் போகாமல் மூடி, பூச்சியைக் கொல்லும் வாயுவை உள்ளே விடுவார்கள். வண்டுக்கும் மனுஷனுக்கும் அந்த வாயு வித்தியாசம் பார்க்காது. அதனால் அறையில் ஆள் இல்லை என்று யாராவது ஒருவர் கண்ணால் பார்த்துச் சொன்ன பிறகுதான் கதவு இறங்க வேண்டும். அந்த ஒருவரிடம் கேட்பது என் ப்ரோகிராம்.

கதவுக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புத் திரை. படமும் கிடையாது, பொத்தானும் கிடையாது, பச்சை எழுத்து மட்டும். விசைப்பலகைக்குத் தூசி போகாமல் பிளாஸ்டிக் உறை போட்டிருக்கும். திரை ஒவ்வொன்றாகக் கேட்கும். எந்த அறை. என்ன சரக்கு. பிறகு 'குறிப்பு, அறுபது எழுத்துக்குள்'. கிழிந்த மூட்டை, ஈரம், ஏதாவது இருந்தால் அங்கே எழுதலாம். அதற்கு அடுத்த கேள்விதான் முக்கியம். 'அறை காலியா?'

அந்தக் கேள்வி எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் காத்திருக்கும். அதை அப்படித்தான் எழுதினேன். ஆட்களும் அதற்கேற்ற ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள். குறிப்பைத் தட்டி என்டர் போட்டுவிட்டு, திரையைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அறைக்குள் நடப்பார்கள். கேள்வி திரையில் நிற்கும். உள்ளே கடைசி வரிசைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்து பதில் போடுவார்கள். அடுப்பில் பாலை வைத்துவிட்டு ஆளைக் காவலுக்கு நிறுத்துவது மாதிரி, என் கேள்வியைக் காவலுக்கு நிறுத்திவிட்டுப் போவார்கள். அந்த அளவுக்கு என்மேல் நம்பிக்கை. என் ப்ரோகிராம்மேல் என்று சொல்ல வேண்டும்.

இப்போது வாசிப்பது பற்றி. இது உங்களுக்கு அலுப்பாக இருக்கலாம், ஆனால் கேஸே இதில்தான் இருக்கிறது.

ஒருவர் எழுதுவதை வாங்கிக்கொள்ள ப்ரோகிராமுக்குள் ஒரு பெட்டி ஒதுக்க வேண்டும். அறுபது எழுத்து என்றால் அறுபதுக்கான இடம். அரைகுறை ஆட்கள் பெட்டியை வைத்துவிட்டு, வருவது வரட்டும் என்று வாயைத் திறந்து வைப்பார்கள். எண்பது எழுத்து வந்தால் பெட்டி வழிந்து, பக்கத்தில் இருக்கிற எல்லாவற்றையும் நாசம் பண்ணும். கொஞ்சம் விவரம் தெரிந்தவர்கள் அறுபதில் நிறுத்துவார்கள். பாதுகாப்பாக எழுதிவிட்டோம் என்று போய்ப் படுத்துக்கொள்வார்கள். பாதி வேலைதான் முடிந்தது என்பது அவர்களுக்குத் தெரியாது.

அறுபதில் நிறுத்திவிட்டீர்கள், சரி. மிச்சம் இருபது எழுத்து எங்கே போகும்? எங்கேயும் போகாது, மேடம். வாசலிலேயே வரிசையில் நிற்கும். அடுத்த கேள்வியை ப்ரோகிராம் கேட்ட மாத்திரத்தில், முதல் ஆளாக உள்ளே நுழைந்துவிடும். மனுஷன் விசையைத் தொட வேண்டியதே இல்லை. அந்த மிச்சமே பதிலாகிவிடும்.

அதனால், பாதுகாப்பாக வாசிப்பது என்றால் மூன்று காரியம். வரம்பில் நிறுத்த வேண்டும். வரி முடிந்ததா என்று பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால் வாசலில் நிற்கிற மிச்சத்தைக் கூட்டித் தள்ளிவிட்டு, எழுதினவரிடம் சொல்ல வேண்டும். நான் மூன்றையும் செய்திருந்தேன். யாராவது வரம்பு தாண்டினால் திரை 'கீக்' என்று கத்தும். 'நீளம் அதிகம். மறுபடி எழுதவும்' என்று வரும். காலியா என்ற கேள்விக்கும் வெறும் என்டர் போதாது, 'காலி' என்று முழுசாக எழுத வேண்டும். ஒரு பிசகு நடந்ததில்லை. ஒரு எலிகூட உள்ளே மாட்டினதில்லை.

நன்றி என்ன கிடைத்தது தெரியுமா? அந்தக் 'கீக்'கைக் கேலி பண்ணினார்கள். கத்தினது முக்கால்வாசி ரேடியோ எழுதும்போதுதான். அவருக்குக் குறிப்பு என்றால் கடுதாசி எழுதுவது மாதிரி. எந்த மூட்டை கிழிந்தது, யார் தைத்தது, தைத்தவருக்கு இடுப்பு வலி, எல்லாம் எழுதுவார். திரை கத்தும். மறுபடி எழுதுவார். மறுபடி கத்தும்.

"மச்சான், வீட்டுல உங்க தங்கச்சி திட்டறா, இங்க உங்க மிஷின் திட்டுது. குடும்பமே சேந்து என்னைப் பேச விடாம பண்றீங்க" என்பார். சுற்றி நிற்பவர்கள் சிரிப்பார்கள். நான் சிரிக்க மாட்டேன். சிரிக்காமல் இருப்பதும் அவர்களுக்கு ஒரு வேடிக்கை.

ஒருநாள் முதலாளி என் அறைக்கு வந்தார். கண்ணாடி தடுத்த மாடி அறை அது. கீழே கதவுகள் எல்லாம் தெரியும். ரேடியோவும் கூட வந்தார்.

"என்னப்பா அறுபது, அந்தக் கத்தலை எடுத்துடு. திரும்பத் திரும்ப எழுதச் சொல்றதையும் எடு. சரக்கு இறங்குற நேரத்துல ஆளுங்க நின்னு பரீட்சை எழுதிட்டு இருக்கானுங்க. காலியான்னு கேட்டா ஒரு என்டர் போதாதா? ஆள் இருந்தா மட்டும் பூஜ்யம் போடட்டும்."

"அதுக்கு ஒரு காரணம் இருக்கு" என்று ஆரம்பித்தேன்.

"காரணம் இல்லாம எதையும் நீ செய்ய மாட்டே. அதான் தெரியுமே. எடுத்துடு" என்றார் முதலாளி. விஷயம் முடிந்தது. வெட்டு ஒன்று, துண்டு இரண்டு.

எடுத்தேன். கத்தலை எடுத்தேன். வரி முடிந்ததா என்று பார்ப்பதை எடுத்தேன். மிச்சத்தைக் கூட்டித் தள்ளுவதையும் எடுத்தேன். பூஜ்யம் தவிர எது வந்தாலும் சம்மதம் என்று மாற்றினேன். நீங்கள் புருவத்தைத் தூக்குகிறீர்கள். கத்தலை மட்டும் எடுத்துவிட்டு, சத்தமில்லாமல் மிச்சத்தைத் தள்ளுகிற அந்தச் சின்ன வேலையை அப்படியே விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். விட்டிருக்கலாம். ஆனால் சத்தமில்லாமல் காப்பாற்றுகிறவனை யாரும் மதிப்பதில்லை. கேட்டார்கள், முழுசாகக் கொடுத்தேன்.

சில நாளிலேயே அது நடந்தது. ரேடியோ வழக்கம்போலப் புராணம் எழுதி என்டர் போட்டார். நல்லவேளையாக அங்கேயே நின்று யாரிடமோ வம்பளந்துகொண்டிருந்தார். கதவு தானாக இறங்க ஆரம்பித்தது. பதறிப்போய்ப் பக்கத்தில் இருந்த சிவப்புப் பொத்தானை அறைந்து நிறுத்தினார். நான் மேலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் படியேறி வந்தபோது மூஞ்சியில் ஈயாடவில்லை.

"மச்சான், நான் காலின்னு சொல்லவே இல்ல. கதவு தானா இறங்குது."

"நீங்க சொன்னீங்க மாப்ளே. அறுபதுக்கு மேல எழுதினது எல்லாம் அடுத்த கேள்விக்குப் பதிலாப் போயிடும்."

அவர் முட்டாள் இல்லை. உடனே பிடித்துக்கொண்டார். "ஐயோ. அப்ப அந்த மிச்சத்தைத் தூக்கி எறிஞ்சிடுங்க மச்சான். சத்தம்கூட வேணாம். சும்மா எறிஞ்சிடுங்க, போதும்."

நான் முன்னே சொன்ன அந்தச் சின்ன வேலையை அவரே கேட்டார் பாருங்கள். எனக்கு என்ன சொல்வது என்று தெரியவில்லை என்று நினைக்காதீர்கள், நன்றாகத் தெரிந்தது. "முதலாளி எடுக்கச் சொன்னாரு, எடுத்தேன். திரும்பச் சேக்கணும்னா அவரே வந்து கேக்கட்டும். எல்லார் முன்னாடியும் கேக்கட்டும்" என்றேன்.

அவர் கிட்டே வந்தார். "கோவமா மச்சான்? என்னால உங்களுக்கு மனசுல வருத்தம்னா மன்னிச்சிருங்க. நான் சும்மா தமாசுக்குத்தான் பேசுவேன்" என்றார். நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "சரி, விடுங்க. முதலாளிகிட்ட போய் நின்னா உங்களுக்கும் சங்கடம். நானே பாத்துக்கறேன்" என்று இறங்கிப் போனார்.

என்ன பார்த்துக்கொண்டார் தெரியுமா? ஒரு மஞ்சள் டேப் எடுத்து வந்தார். குறிப்பு எழுதுகிற வரியில் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டி, அறுபதாவது எழுத்து முடிகிற இடத்தில் கண்ணாடிமேல் ஒரு துண்டை நெட்டுக்குத்தாக ஒட்டினார். எல்லா அறைத் திரையிலும் அப்படி ஒட்டினார். ஆட்களைக் கூப்பிட்டு, "இந்த மஞ்சக்கோட்டைத் தாண்டாதீங்கப்பா, தாண்டினா கதவு இறங்கிடும், உசுரு போயிடும்" என்று ஒவ்வொருவருக்கும் சொன்னார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒருவரும் தாண்டவில்லை. ரேடியோகூடத் தாண்டவில்லை. அவர் குனிந்து, கண்ணைச் சுருக்கி, டேப்பைப் பார்த்துப் பார்த்து எழுதுவதை நான் மேலிருந்து பார்த்திருக்கிறேன். சொல்ல வந்ததை அழித்துவிட்டுச் சின்னதாக மாற்றி எழுதுவார். என் ப்ரோகிராம் அத்தனை காலம் கத்தியும் கற்றுக்கொள்ளாததை, ஒரு துண்டு டேப் கற்றுக்கொடுத்துவிட்டது.

முதலாளிக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டீ குடிக்கிற நேரத்தில் எல்லோர் முன்னாலும் சொன்னார். "பாருங்கப்பா, நம்ம அறுபது வருஷக்கணக்கா கத்தவிட்டு நடத்தின பாடத்தை, ரேடியோ ஒரு துண்டு டேப்புல முடிச்சிட்டாரு. இதுக்கா இவ்வளவு படிச்ச ஆளு வேணும்?"

சிரிப்பு அடங்க நேரமானது. டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நானும் நின்றேன். அப்போது ரேடியோ ஒரு காரியம் செய்தார். "அப்படி இல்ல முதலாளி. மச்சான் எழுதினது இல்லாம டேப்புக்கு என்ன வேலை? மூளை அவரோடது. நான் ஒட்டினேன், அவ்வளவுதான்" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, பயந்துபோன மாதிரி லேசாகச் சிரித்தார்.

கேலியை என்னால் பொறுத்துக்கொள்ள முடியும், மேடம். வருஷக்கணக்காகப் பொறுத்தவன் நான். எனக்காக ஒருவர் பரிந்து பேசுவதைப் பொறுக்க முடியவில்லை. நான் என்ன அனாதையா? இதை நீங்கள் எழுதிக்கொள்வது நல்லது, ஏனென்றால் காரணம் என்று ஒன்று வேண்டுமென்றால் அதுதான். வேறு எதையும் தோண்ட வேண்டாம். சொத்து இல்லை, பழைய பகை இல்லை, தங்கையை அவர் கைநீட்டி அடித்ததும் இல்லை. நல்ல மனுஷன். அதை மறுக்க மாட்டேன்.

அதற்கு மறுநாள் நடந்தது உங்களுக்கே தெரியும். சாப்பாட்டு வேளை, ஆட்கள் பெரும்பாலும் வெளியே போயிருந்தார்கள். தெற்குப் பக்க அறை நிரம்பியிருந்தது. ரேடியோ குறிப்பை எழுதினார். வரம்பைத் தாண்டி எழுதினார், அதில் சந்தேகமே இல்லை. என்டர் போட்டுவிட்டு, போனை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு உள்ளே நடந்தார். கேள்வி திரையில் நிற்கும் என்ற நம்பிக்கை. கேள்வி நிற்கவில்லை. மிச்சம் உள்ளே நுழைந்து பதில் சொல்லிவிட்டது. கதவு இறங்கப்போகிறது என்று சங்கு ஊதியது. அங்கே நாள் முழுக்க ஏதாவது ஒரு அறையில் சங்கு ஊதிக்கொண்டேதான் இருக்கும், அவரும் தன் அறை என்று நினைத்திருக்க மாட்டார். கதவு இறங்கியது, வாயுவும் தானாகத் திறந்தது.

உள்ளே இருந்து கதவைத் தூக்க ஒரு கைப்பிடி உண்டு. அன்றைக்கு அதற்கு முன்னால் மூட்டைகளை ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். காலையிலேயே நான் அதைப் பார்த்தேன். மூட்டை எங்கே அடுக்குவது என்பது என் வேலை இல்லை.

என் மேஜைக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்புப் பொத்தான் இருக்கிறதே என்று கேட்டீர்கள். இருக்கிறது. கதவு மெதுவாகத்தான் இறங்கும். நான் எழுந்து நின்று பார்த்தேன். கை எட்டும் தூரம்தான். ஒரு ப்ரோகிராம் தான் செய்ய வேண்டியதைச் சரியாகச் செய்துகொண்டிருக்கும்போது நடுவில் நிறுத்துவது எனக்குப் பழக்கமில்லை.

போனில் அவர் பேசிக்கொண்டிருந்தது என் தங்கையோடு. "பேசிட்டே இருந்தாரு அண்ணா, பாதி வார்த்தையில கட்டாயிடுச்சு. சிக்னல் போயிருக்கும், திரும்பக் கூப்பிடுவாருன்னு போனைக் கையிலயே வச்சிட்டு உக்காந்திருந்தேன்" என்று சொல்லிச் சொல்லி அழுதாள். இரும்புக் கதவு, சிக்னல் எப்படிக் கிடைக்கும்? நான் அவள் தலையைத் தடவிக்கொடுத்தேன். எனக்கும் கண் கலங்கியது. நடிக்கவில்லை. அவள் என் கூடப்பிறந்தவள், மேடம்.

"எப்படி அண்ணா ஆச்சு? அவரு அவ்வளவு கவனமாச்சே" என்று கேட்டாள்.

"அதிகமா எழுதிட்டாரும்மா. அளவோட நிறுத்தியிருந்தா இது நடந்திருக்காது" என்றேன்.

அவள் அதை அப்படியே பிடித்துக்கொண்டாள். வந்தவர்களிடம் எல்லாம் அதையே சொன்னாள். "வாய்தான், அவரோட வாய்தான் அவரைக் கொண்டுபோயிடுச்சு. எத்தனை தடவை சொல்லியிருப்பேன், கொஞ்சம் குறைச்சுப் பேசுங்கன்னு." கல்யாணமான நாளில் இருந்து அந்தப் பேச்சுக்காகவே அவர்மேல் உயிரை விட்டவள், இப்போது அதை நினைத்து அவர்மேல் கோபப்பட்டாள். கோபத்தில் அழுகை குறைகிறது என்று நான் கவனித்தேன். அது அவளுக்கு நல்லதுதானே.

குழந்தையும் மாறிவிட்டாள். அவள் அப்பனை உரித்து வைத்தவள். பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தால் வாலைப் பிடித்து இழுத்தாலும் நிற்க மாட்டாள். இப்போது பாதியில் நிறுத்திவிட்டு, கையை வாயில் வைத்துக்கொண்டு, "மாமா, நீளமாப் போயிடுச்சா?" என்று கேட்கிறாள். "இல்லம்மா, இவ்வளவு போதும்" என்பேன். கெட்டிக்காரப் பெண், சொன்னதும் நிறுத்திவிடுவாள். அந்த வீட்டில் இப்போது கடிகாரம் ஓடுகிற சத்தம் கேட்கிறது. இதற்கு முன்னால் கேட்டதே இல்லை.

நான் இப்படியே இருந்திருப்பேன். உள்ளதைச் சொல்கிறேன். நீங்களும் விபத்து என்று மூடிவிடுகிற நிலையில்தான் இருந்தீர்கள். எனக்கு மனசாட்சி உறுத்தியது, தூக்கம் வரவில்லை, அதனால் வந்து ஒப்புக்கொண்டேன் என்று யாராவது எழுதினால் நம்பாதீர்கள். நன்றாகத் தூங்கினேன். நீங்கள் என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, என் ப்ரோகிராமைச் சோதித்த அந்த நிபுணரின் அறிக்கையில் இருந்து ஒரு பத்தி வாசித்துக் காட்டினீர்களே, அதைக் கேட்ட பிறகுதான் வாயைத் திறந்தேன்.

இன்னொரு தடவை வாசிக்கிறீர்களா? வேண்டாம், எனக்கு மனப்பாடம். 'திரையில் அறுபது எழுத்து என்று அறிவித்துவிட்டு, ப்ரோகிராமுக்குள் நாற்பது எழுத்துக்கு மட்டுமே இடம் ஒதுக்கப்பட்டுள்ளது. மிஞ்சிய எழுத்துகள் நீக்கப்படவில்லை. பாதுகாப்பாக உள்ளீடு வாங்கும் முறை பற்றிய அறியாமையால் ஏற்பட்ட பிழை. முதல் வருட மாணவர்கள் வழக்கமாகச் செய்வது.'

முதல் வருட மாணவர்கள்.

அந்த ஆள் யார், எங்கே படித்தவர், எனக்குத் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு எழுதியிருக்கிறார். ப்ரோகிராமின் பழைய பிரதிகளைக் கேட்டு வாங்கிப் பார்த்திருந்தால் அதில் அறுபதுதான் இருக்கும், மிச்சத்தைத் தள்ளுகிற வரிகளும் இருக்கும். அப்படிப்பட்ட ஒருவனுக்கு, திரையில் அறுபது என்று எழுதிவிட்டு உள்ளே நாற்பது என்று வைக்கிற அளவுக்கு மறதி வருமா? கொஞ்சம் யோசித்திருக்க வேண்டாமா?

முதலாளி டீ டம்ளரோடு சிரித்தாரே, அன்று சாயங்காலம் எல்லோரும் போன பிறகு ஆறை அழித்து நாலு போட்டேன். ஒரே ஒரு எண். வெளியே ஒன்றும் மாறவில்லை. திரை அறுபது என்றே சொன்னது, மஞ்சள் டேப்பும் இருந்த இடத்திலேயே இருந்தது. எல்லோரையும் நான் ஆபத்தில் வைக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். மற்றவர்கள் 'சரி', 'ஈரம்', 'கிழிசல் மூன்று' என்று எழுதிவிட்டுப் போகிற ஆட்கள். நாற்பதுவரை அவர்களில் ஒருவரும் வந்ததில்லை. டேப்வரை போகிறவர் ஒருவர்தான். ஒட்டினவர்.

அன்று அவர் எழுதினதை நானும் வாசித்தேன். 'ஈர மூட்டை தனியே வைத்தாச்சு. தைத்தவருக்கு இடுப்பு வலி, நாளைக்கு ஓய்வு கொடுங்க.' டேப்புக்குக் கொஞ்சம் முன்னாலேயே நிறுத்திவிட்டார். ஓய்வு கொடுங்க என்ற இடம்தான் மிச்சமாக நின்று அறைக்குள் ஆள் இல்லை என்று பதில் சொன்னது. அவர் வரம்பு மீறினார் என்று உங்களிடம் சொன்னேன், அது பொய் இல்லை. வரம்பு நாற்பது. வரம்பு எவ்வளவு என்று முடிவு பண்ணுகிறவன் நான். அவருக்கு அது தெரியாது என்பது வேறு விஷயம்.

தங்கை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறாள் என்று சொன்னீர்கள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருப்பாள். அண்ணனைப் போட்டு விசாரிக்கிறார்களே என்று அழுதுகொண்டிருப்பாள். அவளிடம் என்ன சொல்லப்போகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். அவள் புருஷன் ஒரு எழுத்துகூட அதிகமாக எழுதவில்லை என்று சொல்வீர்கள். சொல்லுங்கள், தடுக்க மாட்டேன். குழந்தையும் பழையபடி பேச ஆரம்பிப்பாள், எப்படியோ போகட்டும்.

ஆனால் அதற்கு முன்னால் இந்தத் தாளைச் சரி பண்ணுங்கள். 'அறியாமையால்' என்று இருக்கிறதே, அதை அடித்துவிட்டு, 'நன்றாகத் தெரிந்தே' என்று எழுதுங்கள். 'பிழை' என்ற வார்த்தையை எடுத்துவிடுங்கள். அதில் பிழை எதுவும் இல்லை, நான் நினைத்தது நினைத்தபடி ஓடியது. கொலை என்று எழுத வேண்டுமானால் எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பேனாவைக் கொடுங்கள். என் தங்கை என்னைப் பற்றி இனி என்ன வேண்டுமானாலும் நினைத்துக்கொள்ளட்டும், மேடம். அண்ணனுக்கு வேலை தெரியாது என்று மட்டும் அவள் நினைத்துவிடக் கூடாது.